ஒண்ணரை வரி

"வீட்டில் சிறுவனின் நடத்தையில்
மாற்றம் ஏதும் கவனித்தீர்களா?"
கேள்விக்குப் பக்கத்துல
ஒண்ணரை வரி எடம் விட்டிருக்கு.
அலுவலரம்மா பேனாவை நீட்டுறாங்க,
சுருக்கமா எழுதுனாப் போதும்ங்கிறாங்க.

நான் நைட்டி தைக்கிறவ மேடம்.
செல்லூர்ல, மாடிப்படிக்கு அடியில மிஷின்.
உருப்படிக்குப் பதினெட்டு ரூவா.
தெருவுல போற ஆளுக்குத் தோள் எத்தனை இஞ்சுன்னு
டேப்பு வைக்காமச் சொல்லிருவேன்.

எம் மகனுக்குப் பதினாறரை.
போன வைகாசியில அளந்தது.
அதுக்கப்புறம் டேப்போட கிட்டப் போனா
"தொடாத"ன்னான்.
வளர்ற வயசு, கூச்சம்னு
பழைய சட்டையை வச்சே வெட்டுனேன்.

பொறந்த நாளைக்கு வைகை ஆத்துக்குள்ள,
கல்பாலத்துக்குக் கீழ,
அருவாளால கேக்கு வெட்டுனானுக.
வீடியோ எனக்கும் வந்துச்சு.
ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன்,
நான் தச்ச சட்டை
தோள்ல சரியா உக்காந்திருக்கான்னு.
உக்காந்திருந்துச்சு.

துணி வெட்டுற கத்திரியை ரெண்டு நாளாக் காணோம்.
திரும்பி வந்தப்ப வாய் மழுங்கிக் கெடந்துச்சு.
என்னத்த வெட்டுனன்னு கேக்கல.
சாணை பிடிக்க நாப்பது ரூவா யாரு குடுப்பான்னு கேட்டேன்.

பள்ளிக்கூடத்துலருந்து மூணு போன்.
தீவாளி லோடு தலைக்கு மேல.
முடியட்டும், வாறேன் சார்னேன்.

இன்னொண்ணு இருக்கு.
எழுதணுமா வேணாமான்னு தெரியல.
அவங்கப்பா ராத்திரி வந்து
என் முடியைப் பிடிச்சு இழுக்கிறது
இவன் தவழ்ற காலத்துலருந்து பாத்தது.
ஆடிப் பதினெட்டு அன்னிக்கு எந்திரிச்சு
அந்தக் கையைப் பிடிச்சான்.
முறுக்குனான்.
மிஷின்ல ஊசி ஒடியிற சத்தம்.
"இனி மேல படக் கூடாது"ன்னான்.
குரல்ல கோவமே இல்லை.
அதுதான் மேடம்,
கோவமே இல்லை.
பதினேழு வருசத்துல அன்னிக்குத்தான்
நான் முழுசாத் தூங்குனேன்.
விடிஞ்சதும் ரெண்டு முட்டை அவிச்சு
அவன் தட்டுல வச்சேன்.

அந்த ராத்திரி
பதினொண்ணே முக்காலுக்கு வந்தான்.
குழாயைத் தொறந்துவிட்டு வெகுநேரம் குளிச்சான்.
தண்ணி வீணாப் போகுதுடான்னு
படுத்த எடத்துலருந்து கத்துனேன்.
காலையில பாத்தா, தானே துவைச்சுக்
கொடியில போட்டிருக்கான் சட்டையை.
பரவாயில்லையே, பொறுப்பு வந்துருச்சேன்னு...
மூணாவது பட்டன் இல்லை.
டப்பாவைக் கொட்டி
அதே கலர்ல தேடித் தச்சேன்.
போலீசு வந்து எடுத்துட்டுப் போனப்ப
சட்டை முழுசா இருந்துச்சு.

செத்த பையன் பேரை
இந்தப் பாரத்துல எங்கயும் கேக்கல.
கார்த்தீஸ்.
என்னை அத்தைம்பான்.
ஜூன் மாசம் யூனிபார்ம் பேண்டைக் கொண்டாந்தான்,
கணுக்காலுக்கு மேல ஏறிப்போச்சுன்னு.
மடிப்பைப் பிரிச்சு ரெண்டு இஞ்சு இறக்கிவிட்டேன்.
உள்ளுக்குள்ள இன்னும் ஒரு இஞ்சு விட்டுவச்சேன்,
மார்கழிக்குள்ள வேண்டியிருக்கும்னு.

அவங்கம்மா எங்க வாசல் வழியாத்தான்
குழாயடிக்குப் போவா.
இப்பச் சுத்திப் போறா.
ரெண்டு குடம், அந்தத் தூரம்.

வாசல்ல போர்டைப் பாத்தேன்.
கூர்நோக்கு இல்லம்.
எழுத்துக்கூட்டிப் படிச்சேன்.
உள்ள விட்டாங்க. எதுக்க உக்காந்திருந்தான்.
யார் சட்டையோ, தோள் வழிஞ்சு தொங்குச்சு.
மெலிஞ்சிட்டானா,
இல்ல, எப்பவும் இந்த அளவுதானா,
எனக்குப் பிடிபடல.

ஒண்ணரை வரியில
"பார்த்தேன்"னு எழுதுனேன்.
மீதி எடம் அப்படியே கெடக்கு.

பேனாவைக் குடுத்துட்டு எந்திரிச்சேன்.
அவங்களும் எந்திரிச்சாங்க.

மேடம்,
சேலை ஃபால்ஸ் பிரிஞ்சு தொங்குது,
வலது காலுக்கிட்ட.
படி இறங்குறப்பத் தடுக்கும்.