அழுத்துவதற்கும் விடுவதற்கும் நடுவே

சாம்பல் நிறப் பொத்தான் வேண்டாம் என்றார் முதலாளி.
கடிகாரம் செய்கிற ஊர் இது, பீல்.
திரையில்கூடக்
கண்ணாடி மினுங்க வேண்டும், உலோகம் பளபளக்க வேண்டும்.
சரி என்றேன்.
விண்டோஸ் தந்த பொத்தானை உரித்தெறிந்துவிட்டு
வெறும் செவ்வகத்திலிருந்து தொடங்கினேன்.

விளிம்புக்கு ஆறு பிக்சல் வளைவு,
மேலே வெளிச்சம், கீழே அரை நிழல்,
சுட்டி மேலே வந்தால் ஒரு நீலம்,
அழுத்தினால் ஒரு பிக்சல் தாழ்வு.
ஒன்றுதான். இரண்டு தாழ்ந்தால் பள்ளம்,
தாழாவிட்டால் சுவர்.
அந்த ஒன்றுக்காக ஒரு செவ்வாய்க்கிழமை முழுதும் போயிற்று.

இரண்டு மொழி ஊர். ஒரே பொத்தானில்
பிரெஞ்சு மூன்று சொல்லாய் மூச்சு வாங்கும்,
ஜெர்மன் ஒரே சொல்லாய் நீண்டு
விளிம்பில் முட்டி மூன்று புள்ளியாகும்.
எழுத்தைச் சிறிதாக்கினேன். மறுபடி பெரிதாக்கினேன்.
ரெட்டோ எட்டிப் பார்த்து
"பொத்தானா, நகையா?" என்றான்.
நகைதான் என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை.

மூன்றாம் வாரம், மழை நாள்,
சோதனைக்கூடத்திலிருந்து மதாம் ரொசெல் வந்தார்.
வெள்ளைக் கையுறையைக் கழற்றக்கூட இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பற்சக்கரங்களைக்
கழிவில் தள்ளிவிட்டது உன் பொத்தான், என்றார்.
நீங்கள்தானே 'நிராகரி'யை அழுத்தினீர்கள்?
அழுத்தினேன். ஆனால் விடவில்லையே.

எனக்குப் புரியவில்லை.
என் நாற்காலியில் உட்கார்ந்து
பழைய பதிப்பைத் திறந்தார், அந்தச் சாம்பல் பொத்தானை.
அழுத்தினார். அழுத்தியபடியே இருந்தார்.
பொத்தான் தாழ்ந்து காத்திருந்தது.
பிறகு சுட்டியை மெல்ல வெளியே இழுத்துப் போய்
ஒன்றுமில்லாத இடத்தில் விரலை எடுத்தார்.
எதுவும் நடக்கவில்லை.

இருபத்தாறு வருடமாய் இப்படித்தான், என்றார்.
அழுத்திய பிறகுதான் எனக்கு நினைவு வரும்
எந்தத் தட்டு, எந்தத் தொகுதி என்று.

சுட்டி இறங்கிய கணமே
சுட்டிருந்தது என் பொத்தான்.
வேகமாய் இருக்கட்டும் என்று நானே எழுதிய வரி.
பெயர் தெரியாத யாரோ,
ஏதோ ஓர் ஊரில், மாதச் சம்பளத்துக்கு,
அசிங்கமான அந்தச் சாம்பல் பெட்டிக்குள்
மனம் மாற ஓர் இடம் விட்டு வைத்திருந்தார்.
கையேட்டில் அது ஒரு பத்தி.
நான் தாண்டிப் போன பத்தி.

உரித்தபோது இன்னும் என்னவெல்லாம் போயிற்று?
டேப் விசை தட்டினால் வந்து நிற்கும் புள்ளிக்கோடு.
ஸ்பேஸ் பாருக்குப் பணிதல்.
கண் தெரியாதவருக்குத் தன் பெயரைச் சொல்லுதல்.
முடக்கினால், இப்போது இல்லை என்று வெளிறுதல்.
என்னுடையது முடங்கியும் மினுங்கிக்கொண்டிருந்தது,
விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுக்
கதவைத் திறக்காத வீடு போல.
எல்லாவற்றையும் திரும்பக் கற்றுக்கொடுக்கப்
பதினோரு நாள் ஆயிற்று.
சுட்ட வரிக்கு மட்டும் ஒரு நிமிடம்:
இறங்கும்போது என்பதை அடித்துவிட்டு
எழும்போது என்று எழுதினேன்.
உள்ளே எழுந்தால் மட்டும்.

வெள்ளிக்கிழமை அவரை அழைத்தேன்.
அழுத்தினார், வெளியே இழுத்தார், விட்டார்.
மறுபடி. வெளியே போய், உள்ளே வந்து,
திரும்ப வெளியே, ஒரு பூனையைச் சீண்டுவதுபோல.
பொத்தான் தாழ்ந்தது, எழுந்தது, தாழ்ந்தது.
நன்றி சொல்லவில்லை.
இந்த நீலம் எனக்குப் பிடிக்கவில்லை, என்றார்.

ரயிலில் ஏறியபோது ஏரி இருட்டியிருந்தது.
நான்கு மாதமாய்ப் பேசாத தங்கையின் பெயர்மேல்
கட்டைவிரலை வைத்தேன்.
பெயர் சாம்பலாகி, லேசாய்த் தாழ்ந்து,
காத்திருந்தது.
ட்வான் நிலையம் வந்து போயிற்று.
விரல் இன்னும் அங்கேதான்.