கலால் படிவம்

முதலியார்பேட்டையில் பழைய ஐஸ் கம்பெனி.
இப்போது உள்ளே
ஏழு டிரம், ஒரு டேபிள் ஃபேன், ஒர்த்தான்ஸ்.

கம்பம் திராட்சை விடியுமுன் வந்து இறங்கியது.
கழுவவில்லை.
தோலில் படிந்த வெண்பொடிதான்
வேலையாட்கள்.

"ஈஸ்ட் எங்க வாங்கினது?"
"வாங்கலை. பழத்தோட வந்தது."
"சர்க்கரை?"
"அதுவும்."
"சல்பைட்?"
உதட்டைப் பிதுக்கினாள்.

படிவத்தில் கோடு, கோடு, இன்னொரு கோடு.
"அப்புறம் நீங்க என்னதான் செய்றீங்க?"

கரண்ட் போனது.
ஃபேன் ஓய்ந்ததும் கேட்டது,
மூன்றாவது டிரம்முக்குள்
சிம்மில் வைத்த குழம்பின் பேச்சு.

எழுந்து போய்
நனைத்த கோணியை அதற்குப் போர்த்தினாள்.
புழுக்கம் தாங்காதாம்.
சட்டைக் காலரைத் தளர்த்தியபடி
அதிகாரியும் டிரம்மருகே குனிந்தார்,
வெகுநேரம்.

பிறகு 'தொழில்நுட்பம்' என்ற கட்டத்தில்
எழுதினார்:
ஈரக்கோணி.