ஹீட்டரை அணை

நாலே முக்கால்.
கொர்கல்ஜின் புல்வெளி இன்னும் நிறம் பிடிக்கவில்லை.
தெமிர்பெக் வேனை நிறுத்துகிறான்,
என்ஜினை அணைக்கிறான்,
ஹீட்டர் விசிறியை மட்டும் விட்டுவைக்கிறான்.
"அதையும்" என்கிறாள் மக்பால்.
"விறைத்துச் சாகவா?"
"கொஞ்சமாகச் சாகலாம். அதையும்."

நேற்று
முந்நூற்றுப் பதினொரு படம்,
அத்தனையும் குளத்துக்கடியில் எடுத்ததுபோல்.
லென்ஸைத் திட்டினாள்,
அதை விற்ற அல்மாட்டிக் கடைக்காரனைத் திட்டினாள்,
தன் விரல்களைத் திட்டினாள்.
படுத்த பிறகுதான் உறைத்தது:
ஜன்னல் வழியே கசிந்த வெதுவெதுப்பு
வெளிக்குளிரில் பட்டு நெளிந்திருக்கிறது.
கண்ணாடிக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி,
காற்றால் ஆனது,
எந்தத் துணியாலும் துடைக்க வராதது.

இறக்கிய ஜன்னல் விளிம்பில் ஒரு துணிப்பை.
உள்ளே மூன்று கிலோ பனிவரகு
(திரும்பும்போது கஞ்சிக்கு வேண்டும் என்று
இரண்டு முறை சொல்லிவிட்டான் தெமிர்பெக்).
அதில் புதைந்து கிடக்கிறது அறுநூறு மில்லிமீட்டர்,
தலை நிற்காத குழந்தையின் கனத்தோடு.
இடது உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து அழுத்துகிறாள்.
வேனுக்குள் யாராவது தும்மினாலும்
அந்த முனையில் நிலநடுக்கம்.

அவளுக்கு வேண்டியது அழகு இல்லை.
காலில் ஒரு வெள்ளை வளையம்,
வளையத்தில் மூன்று எழுத்து.
ஐந்து வசந்தங்களுக்கு முன்
அவள் கைக்குள் இதயம் படபடத்தது
இந்தப் பறவைதானா என்று தெரிய வேண்டும்.
ஏழரைக்குள் தெரிய வேண்டும்.
அதன்பின் கானல் எழும்,
எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும்
குடிகாரன் கண்.

வந்தது.
ஆடுகள் மழித்துவிட்டுப் போன தரையில்
வெள்ளைப் புருவம், கரிய தொப்பி,
ஓடி, நின்று, ஓடி.
ஆட்காட்டி.
ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டும் என்றுதானே அந்தப் பெயர்?
இது வாயே திறக்கவில்லை.
அதை அப்போது அவள் யோசிக்கவில்லை.

மூச்சைப் பாதியில் நிறுத்தினாள்.
நொடியை இரண்டாயிரமாக நறுக்கி
அதில் ஒரு துண்டு, இன்னொரு துண்டு,
இருபத்திரண்டு துண்டுகள்.

திரையில் பறவை
வாணலியில் இட்ட வெண்ணெய்.
வளையம் ஒரு தும்மல்.
ஃபோகஸ் அதை எட்டவில்லை,
பாதி வழியில் புல்லில் இறங்கி உட்கார்ந்துவிட்டது.
அந்தப் புல்லோ,
அடடா, அந்தப் புல்!
தாள் ஒவ்வொன்றும் கிழித்துவிடும் கூர்மை.
மாசிபத்திரிச் சாம்பலில் தனித்தனியாய்ப் பனித்துளி.
காய்ந்த எருவின் மேல் ஓர் எறும்பு,
அதன் இடுப்புகூடத் தெரிகிறது.

"எதுவும் விழவில்லையா? இன்னும் முன்னால் போகட்டுமா?"
சாவியில் கை வைத்துவிட்டான்.
போ என்று சொல்ல வாயெடுத்தவள்
படத்தை அழிக்கும் முன் ஒருமுறை பெரிதாக்கினாள்.
எருவுக்குப் பக்கத்தில் நான்கு கூழாங்கற்கள்.
கூழாங்கற்களுக்கு ஏன் ஒரே மாதிரி மச்சம்?
ஏன் நான்கும்
கூர்முனையை உள்ளே வைத்து
ரகசியம் பேசுவதுபோல் கூடியிருக்க வேண்டும்?

நிமிர்ந்து பார்த்தாள். வெறும் புல்.
மீண்டும் திரை. முட்டைகள்.
முன்சக்கரத்திலிருந்து
பன்னிரண்டு எட்டு, நேர்கோட்டில்.

"சாவியை விடு" என்றாள்.
பிறகு, அவன் முகத்தைப் பார்த்து, மெதுவாக:
"பின்னால் போ. வந்த தடத்தின் மேலேயே."
கேள்வி கேட்காமல்
தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி
வேனைக் கன்றுக்குட்டிபோல் பின்னுக்கு நடத்தினான்.

நோட்டில் வளையம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
கூடு என்ற கட்டத்தில் நான்கு.
தூரத்தில், எழத் தொடங்கிய கானலுக்குள்,
ஒரு புள்ளி நடந்து வந்து
தயங்கித் தயங்கி
தரையோடு தரையாய் அமர்ந்தது.
லென்ஸை எடுக்கவில்லை அவள்.

"இப்போதாவது ஹீட்டரைப் போடலாமா?"

போடு.