பத்து தெத்ரி

மேலே போகப் பத்து தெத்ரி நாணயம்.
கீழே இறங்கக் காசில்லை.
திபிலிசியில் நான் தங்கிய வீட்டின் லிஃப்ட்
ஏழு நாளும் இந்தக் கறாரில்தான் இருந்தது.

ஊரைச் சுற்றிக்காட்ட வேண்டிய நுக்ரி
ஐந்தாம் மாடியில்
மாவுக்கட்டுக் காலை முக்காலிமேல் நீட்டி
மரப் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்.
முன்பணம் வாங்கியாயிற்று,
காலும் முறிந்தாயிற்று.
"இங்கிருந்தே காட்டுகிறேன்" என்று
விரலை நீட்டினார்.
அது கோட்டை, நரிகாலா.
(நரிக்கால் என்று எழுதிக்கொண்டேன்.)
அது ஆறு. அங்கே புகைவது கந்தகக் குளியல்.
அந்தச் சாம்பல் கட்டடம் ஒன்றுமில்லை,
நான் இரண்டு முறை தோற்ற பள்ளிக்கூடம்.

காதில் அவர் குரலோடு நடந்தேன்.
இடப்பக்கம். இல்லை, உன் இடப்பக்கம்.
மேலேறி நின்று கையாட்டு, பார்க்கிறேன்.
ஆட்டினேன்.
தெரிகிறாய், சிவப்புத் தொப்பி, என்றார்.
என் தலையில் தொப்பியே இல்லை.

குளியலறையில்
முதல் மூச்சுக்கு அழுகிய முட்டை,
மூன்றாம் மூச்சுக்கு வெறும் வெந்நீர்.
முரட்டு உறை மாட்டிய பெண்ணொருத்தி
என் முதுகிலிருந்து
கருப்புத் திரிதிரியாய் இன்னொருத்தியை உருட்டியெடுத்து
வாளித் தண்ணீரில் அனுப்பிவைத்தாள்.
இந்த ஊரின் பெயருக்கே
வெதுவெதுப்பு என்றுதான் பொருளாம்.
வெளியே வந்தபோது எனக்கும் அதே பெயர்.

பூரி என்றால் இங்கே ரொட்டி.
சுடுபவர் இடுப்புவரை அடுப்புக்குள் கவிழ்ந்து
சுவரில் அறைந்து ஒட்டுகிறார்;
ஒவ்வொரு முறையும் கால்கள் மட்டும் மிஞ்சுகின்றன.
கச்சாபூரியோ ஒரு தோணி.
பாலாடைக்கட்டிக் கடலில்
உடையாத மஞ்சள் கரு மிதக்க,
கடைக்காரர் என் கையிலிருந்து முள்கரண்டியைப் பிடுங்கி
ஒரு சுழற்று சுழற்றித் திருப்பித் தந்தார்.
சந்தையில் கயிற்றில் தொங்கிய பழுப்பு மெழுகுவத்திகளுக்கு
விலை கேட்டேன்.
ஒன்றைக் கடித்துக் காட்டினாள் கிழங்கு விற்பவள்.
திராட்சைச் சாறு, உள்ளே அக்ரூட்.

நுக்ரிக்கு நாணயம் எடுத்துத் தருவது
லீலே, ஆறு வயது.
"மாமா, மாமா" என்று அவர் தோளில் தொங்குவாள்.
பாவம், தகப்பனில்லாப் பிள்ளை,
தாய்மாமன் வளர்க்கிறார் என்று
மூன்று நாள் இரங்கிக்கொண்டிருந்தேன்.
நான்காம் நாள்தான் தெரிந்தது:
அவர்கள் மொழியில் மாமா என்றால் அப்பா.
அம்மா, தேதா.
தேதா எங்கே?
சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்த
கைபேசியைக் காட்டினாள்.

வியாழன் மழை. ஒன்றும் பார்க்கவில்லை.

வெள்ளியன்று முப்பது கின்காலி வாங்கி
லிஃப்ட்டில் ஏற்றினேன்.
அது பயணம் தாங்காது, வழியிலேயே அழும்,
என்று நுக்ரி எச்சரித்திருந்தார்.
அழுதுதான் இருந்தது;
பாதிச் சாறு பெட்டிக்கடியில்.
குடுமியைப் பிடித்துத் தூக்கு,
கடி, உறிஞ்சு, குடுமியைத் தின்னாதே,
தட்டில் வை, எண்ண வேண்டும்.
பாரி நகரத்தில்
யாரோ ஒருவரின் தாயைக் குளிப்பாட்டித்
துடைத்துப் படுக்கவைத்துவிட்டு
திரைக்கு வந்தாள் தேதா.
லீலே தட்டைச் சாய்த்துக் காட்டினாள்,
ஆறு குடுமி.
அதில் இரண்டு என்னுடையவை.
நான் சொல்லவில்லை.
நுக்ரி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அன்று எனக்கு எதையும் விரல் நீட்டாமல்.

தேவாலயங்கள் பார்க்க வேண்டியவை பதினொன்று.
பார்த்தது நான்கு.
அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும்;
நான் போனது திங்கட்கிழமை.

ஞாயிறு விடியலில் பெட்டியோடு நின்றேன்.
லீலே கூடவே இறங்கினாள்,
செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு.
கதவு திறந்ததும்
என் உள்ளங்கையில் எதையோ அழுத்தினாள்.
பத்து தெத்ரி.
இறங்கக் காசு வேண்டாமே, என்றேன்
எந்த மொழியில் என்று தெரியாமல்.
அவள் அப்பாவைப் போலவே
விரலை நீட்டினாள்,
மேலே.