முப்பத்தியொன்றாம் வீடியோ

காந்திபாய் கடைக்கு இணையப் பக்கம் செய்து தர
நாற்பதாயிரம் கேட்டான் தாதரிலிருந்து வந்த பையன்.
பாதாம் பிஸ்தா பில்களுக்கு நடுவிலிருந்து
"நான் பார்க்கவா சேட்" என்று
என் வாய்தான் சொன்னது.
எனக்கே அப்புறம்தான் கேட்டது.

அன்றிரவு ஆன்டாப் ஹில்லில்
மூன்று பேர் படுக்கும் அறையில்
போர்வைக்குள் வெளிச்சத்தை மறைத்துத் தேடினேன்:
வெப் பேஜ் கோடிங் தமிழில் இலவசமாக.
இலவசம் என்று வந்ததெல்லாம்
மூன்றாம் பாடத்தில் கார்டு நம்பர் கேட்டது.
ஒன்று மட்டும் கேட்கவில்லை.
ஆத்தூர்ப் பக்கத்து ஆள், முகம் காட்டாதவர்,
பின்னால் சேவல் கூவ, குக்கர் விசிலடிக்க,
"டேக்கைத் திறந்தா மூடணுங்க,
குழாயைத் திறந்தா மூடற மாதிரி" என்றார்.
எங்கள் சாலில் தண்ணீர்
ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை.
அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

காலை எட்டு இருபத்திரண்டு.
ஜிடிபி நகரில் ஏறினால் மஸ்ஜித் வரை
ஏழு ஸ்டேஷனுக்கு ஒரு பாடம்.
பட்டாணி உரித்துக்கொண்டே
கீறல் விழுந்த என் திரையை எட்டிப் பார்த்த பெண்
"காய் ஆஹே?" என்றாள்.
"டப்பா" என்றேன்.
மூன்று நாளாய் ஒரு டப்பாவை
நடுவில் நிறுத்தப் பார்க்கிறேன்,
அது இடது ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது,
ஜன்னல் சீட் பிடித்தவளைப் போல.

முப்பத்தியொன்றாம் வீடியோவின் கடைசியில் அவர்
"நடுவுல வைக்கறது ரொம்ப ஈஸிங்க,
அடுத்த வீடியோல பாப்போம்" என்றார்.
நாலு வருஷமாகிறது.
அடுத்த வீடியோ இல்லை.
அந்தச் சேவல் என்ன ஆனதோ.

பிறகு ஒரு இந்திக்காரர்.
வரிக்கு இரண்டு தோஸ்தோ போடுவார்,
பாடம் தோஸ்தோக்களுக்கு இடையில் எங்கோ இருக்கும்.
பிறகு ஆங்கிலத்தில் நீள நீளப் பட்டியல்கள்,
அகராதியோடு, ஞாயிற்றுக்கிழமைகளில்.

சேட் சாப்பிடப் போன ஒரு மதியம்
கடைக் கம்ப்யூட்டரில் கரண்ட் பில் திறந்திருந்தது.
எஃப் பன்னிரண்டைத் தட்டினால்
எந்தப் பக்கமும் உள்தையலைக் காட்டும் என்று
தோஸ்தோக்காரர் சொல்லியிருந்தார்.
தட்டினேன்.
பதினோராயிரத்து நானூற்று அறுபது இருந்த இடத்தில்
பூஜ்ஜியம் எழுதினேன்.
பக்கம் ஒத்துக்கொண்டது!
ஐந்து விநாடி
மும்பையில் யாருக்கும் பாக்கியில்லை.
ரிஃப்ரெஷ் தட்டியதும்
பதினோராயிரத்து நானூற்று அறுபதும்
திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் பார்த்துவிட்டேன்,
அந்தத் தொகை ஒரு டப்பாவுக்குள் இருந்தது,
டப்பா நட்டநடுவில் இருந்தது,
எப்படி என்பது பக்கத்திலேயே இருந்தது.
மூன்றே வரி.
பாதாம் ரசீதின் முதுகில் எழுதிக்கொண்டேன்.

மாலை ரயில். காட்டன் கிரீனில் இடம் கிடைத்தது.
கட்டைவிரலால் அந்த மூன்று வரி,
கடைசியில் மறந்துபோகிற அரைப்புள்ளி.
டப்பா நகர்ந்தது.

சிவ்டியில் சிக்னல் போனது.
எதிரே ஒருத்தி "ஹலோ, ஹலோ" என்று
யாருமில்லாத போனைத் திட்டினாள்.
என் பக்கம் போகவில்லை.
அது எங்கிருந்தும் வரவில்லையே,
என் போனிலேயே அல்லவா கிடக்கிறது.

காந்திபாய் அண்ட் சன்ஸ். பாதாம், பிஸ்தா, அக்ரூட்.
அக்ரூட்டில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.
வடாலாவில் இறங்குகிற கூட்டம்
என் முட்டியில் இடித்து இறங்கி முடியும்வரை
அதைத் திருத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.