ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டுக்கு மூன்று மூட்டை

இருபத்திரண்டு வருஷமாய் அந்தத் தெருவுக்குக் கரி போடுகிறேன்.
பெயர்ப்பலகை உண்டு. சுவர் ஓவியத்தின் முன்
வரிசையில் நின்று படம் எடுப்பவர்கள் உண்டு.
சீனக் கோயில் உண்டு, கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசல்.
ஆர்மேனியன் மட்டும் ஒருத்தனும் கிடையாது.

போன மாதம் போன் வந்தது.
கரேகின் என்றான், பெயரைத்தான் சொல்லியிருக்கிறான்.
என் காதில் ‘கரி’ வரைதான் விழுந்தது.
எத்தனை மூட்டை என்று கேட்டேன்.
ஐந்து.

கோலா செப்பெத்தாங் சூளையில்
பக்காவ் மரம் நாள்கணக்கில் வேகும்.
நீராய்ப் போனது போக, புகையாய்ப் போனது போக
மிஞ்சியதை நான் லோரியில் ஏற்றுவேன்.
நல்ல கரி தட்டினால் கிண்ணென்னும்.
அவன் தட்டினான். காதோடு வைத்துக் கேட்டான்.
இரண்டு மூட்டையை ஓரமாய் நகர்த்தினான்.
எனக்குக் கோபம்.
சரியாய்த்தான் நகர்த்தியிருந்தான்,
அடிமூட்டைகள், மழை குடித்தவை.

பின்கட்டில் நீளமாய் ஓர் இரும்புத் தொட்டி.
குறுக்கே கம்பிகள், வாள்போலத் தட்டை.
சத்தே குச்சி பார்த்துப் பழகிய கண்ணுக்கு
அது சண்டைச் சாமான்.
எதிர்ச் சந்தில் ஜமாலுதீன் விசிறுகிறார்,
விசிறினால்தான் தீ, தீ இருந்தால்தான் வியாபாரம்.
இவன் விசிறவில்லை.
ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.
சுடர் ஒன்று தலைதூக்கினால்
விரலால் தண்ணீர் சுண்டி உட்கார வைக்கிறான்.
கடன்காரனைப் போல நானும் பக்கத்தில் நின்றேன்.
தழல் வேறு, தணல் வேறு.
இரண்டுக்கும் சொல் வைத்திருக்கிறோம்,
வைத்துவிட்டு காஸ் அடுப்பைத் திருகுகிறோம்.

அவன் ஊரில் திராட்சைக் கொடியை
வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம்.
பெய்ரூட்டில் மொட்டைமாடியில் போட்ட தொட்டி,
மார்செய்யில் கார் நிறுத்துமிடத்தில்,
துபாயில் பால்கனியில் போட்டு அபராதம் கட்டியது.
“உன் கரியில் கடல் வாடை” என்றான்.
பாராட்டா புகாரா தெரியவில்லை.
விலையைக் குறைக்கச் சொல்லவில்லை.

ஆட்டு விலா, வெங்காயச் சாற்றில் இரவெல்லாம் ஊறியது.
கொழுப்பு ஒரு சொட்டு. கங்கு சீறியது.
சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் காலை ஊன்றி நின்றார்.
மேல்துண்டு மாதிரி நீளமாய், மெல்லிசாய் ஒரு ரொட்டி,
அதைக் கையில் சுற்றிக் கம்பியைப் பிடித்து
ஒரே இழுப்பு.
கறியெல்லாம் ரொட்டிக்குள்.
முதல் பங்கு எனக்கு நீட்டினான்.

அன்றைக்குப் புரட்டாசி மூன்றாம் சனி.
பெருமாளைச் சொல்ல என் இங்கிலீஷ் போதாது.
“சாமி. சாட்டர்டே. நோ மீட்.”
அவன் முகம் தொங்கிவிட்டது,
கை நீட்டியபடியே இருந்தது.
அப்புறம் சிரித்தான்.
ஈஸ்டருக்கு முன் எங்களுக்கும் உண்டு, என்றான்,
அம்மா முட்டைகூட உடைக்கவிட மாட்டாள்.

வேறு கம்பி எடுத்தான்.
என் கண் முன்னால் கழுவினான், இரண்டு தரம்.
ஆட்டு நெய் சொட்டாத மூலைக்குக் கங்கைத் தள்ளி
முழுக் கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய்.
தோல் வெடித்தது, கருகியது,
உள்ளே இருந்தது குழைந்து தொய்ந்தது.
வெறும் விரலால் உரித்தான், சூடு அவனுக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரிந்தது, நாக்கில்.
உப்பு, கொத்தமல்லி.
ஒரு துளி புளி வேண்டும். சொல்லக்கூடாது என்றிருந்தேன்.
சொன்னேன்.
எலுமிச்சை பிழிந்தான்.
அது அது இல்லை, இருந்தாலும் தட்டை வழித்துவிட்டேன்.

லோரிக் கதவில் வைத்து பில் எழுதினேன்.
பெயர்க் கட்டம் சின்னது: ஆர்மேனியன்.
முகவரி: ஆர்மேனியன் ஸ்ட்ரீட்.
சரக்கு: கறி, மூன்று மூட்டை.

கை தானாய் எழுதிவிட்டது,
புரட்டாசியில், அதுவும் சனிக்கிழமை.
அவனுக்குத் தமிழ் தெரியாது.
இருந்தாலும் அந்த எழுத்தை அடித்தேன்,
சின்ன ரி போட்டேன்.
பாக்கி நாற்பது வெள்ளி.