மூன்று டிகிரி

இடுப்பிலிருந்து கணுக்கால்வரை
ஒரே கோடு.
இடது காலை அப்படித்தான் நிமிர்த்தினேன்,
இரண்டு வருடம் முன்பு.
அந்த எக்ஸ்ரேயை
கெண்ட் நகரத்துப் பயிற்சி மருத்துவர்கள்
செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

ஓடீல் காலென்ஸ் மட்டும் கேட்டார்:
"நல்ல கால்தான், டாக்டர்.
யாரோடது?"

மழைநீர் வழிய, தெருவின் முதுகைச் சற்றே வளைத்து
நாற்பது வருடம் கல் பதித்தவர்.
முட்டி போட்டே தேய்ந்த மூட்டு.

இன்று வலது.
ரம்பத்துக்கு முன்னால்
திரையின் பச்சைக் கோடு
நேராக்கு என்கிறது.

கழித்துப் பார்க்கிறேன்.
எட்டில்
தேய்ந்து வந்தது ஐந்து,
பிறந்தபோதே இருந்தது மூன்று.

மூன்றைத் தொடவில்லை.

ஆறாவது வாரம். தூறல்.
என் ஜன்னலுக்குக் கீழே
டிராம் தண்டவாளத்தைத் தாண்டுகிறார்.
இடது கால் அளந்து அளந்து வைக்க,
வலது
தன்பாட்டில்
வீட்டுக்குப் போகிறது.